மிளகு மூட்டைக் கப்பல்

அவர் எதற்கும் நிற்பார். எங்கள் மாடிப்படியில் ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் மேலே வருவார். முப்பது வயதுதான் இருக்கும், மூச்சு வாங்குகிற உடம்பும் இல்லை. ரோட்டைத் தாண்டும்போது வண்டியே வராவிட்டாலும் நிற்பார். டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு ஆடை படிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"குடிங்க தம்பி" என்பேன்.

"இருக்கட்டுமுங்க பாய். நின்னு போலாம்" என்பார்.

கடலுக்கு அடியில் வேலை செய்கிறவர். சொந்த ஊர் கொல்லிமலை. மலைக்காரனுக்கு நீச்சல் எங்கே வந்தது என்று யாரும் கேட்பார்கள். சின்ன வயதில் கீழ்நாட்டுக்கு வந்து, கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரை முங்கி எடுக்கிற ஆட்களோடு சேர்ந்தார். அங்கிருந்து ஒரு துறைமுகத்துக்குப் போனார். கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிற வேலை. நான் பழகின காலத்தில், யுத்த சமயத்தில் முழுகிப்போன ஒரு கப்பலை அளந்து படம் எடுக்கிற குழுவில் இருந்தார். அவரைப் பார்த்து வருசங்கள் ஆகிவிட்டன. பெயர் போட்டு எழுத வேண்டாம், நல்ல மனுசன், கண் பட்டுவிடும் என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அதனால் அவர் என்றே எழுதுகிறேன்.

எனக்கு மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரம். மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் வாங்கி வந்து, காயவைத்து, புடைத்து, மூட்டை கட்டி அனுப்புவேன். அப்போது எனக்கு வண்டி கிடையாது. ஒருநாள் காலை பஸ்ஸில் மலைக்குப் போகும்போது ஜன்னல் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். ராத்திரி பஸ்ஸில் கடற்கரையிலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கொண்டை ஊசி வளைவுகள் பாதி தாண்டினதும் கையைச் சொறிய ஆரம்பித்தார். அப்புறம் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குனிந்துவிட்டார். நிமிர்ந்தபோது முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

பஸ்ஸில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வளைவுக்கு வருகிற வாந்தி என்று ஒருத்தர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தார். பின் சீட்டு அம்மா, "காத்து கருப்பு அடிச்சிருக்குது சாமி. சீக்கிரம் மேல கோயிலுக்குக் கொண்டு போங்க" என்றார். கண்டக்டர், "இன்னும் கொஞ்ச தூரந்தான், மேல ஆஸ்பத்திரி இருக்குது. அண்ணா, வேகமா விடுங்க" என்று டிரைவரை விரட்டினார். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். எல்லாரும் மேலே மேலே என்றார்கள்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல் அப்படியே பதிந்தது.

"பாய், மேல வேண்டாம். என்னைக் கீழ எறக்கிருங்க. காலு மரத்துப் போகுது."

முன்பின் தெரியாத ஆள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துப் பயந்துதான் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த ஒரு டெம்போவில் அவரைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த சூராவையெல்லாம் ஓதிக்கொண்டே கீழே வந்தேன். இறங்க இறங்க வலி கொஞ்சம் விட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கால் திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நடந்தது என்ன என்று அப்புறம் என் வீட்டுக்காரிக்கு அவர் விளக்கினார். ஆழத்தில் மூச்சு இழுத்தால் காற்று ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். மெதுவாக மேலே வந்தால் மெதுவாகக் கழியுமாம். சடாரென்று வந்தால் சோடா மூடியைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே பொங்குமாம். அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அங்கங்கே நின்று நின்றுதான் மேலே வருவார்கள். தண்ணீரை விட்டு வந்த பிறகும் கொஞ்சம் ரத்தத்தில் தங்கியிருக்கும். அது கழிய ஒரு நாளாவது ஆக வேண்டும், அதற்குள் உயரத்துக்கு ஏறினாலும் அப்படியே பொங்குமாம்.

"அக்கா, பிளேன்ல ஏறாதேன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நான் பஸ்லதானே போறேன்னு ஏறிட்டேன். எங்க ஊடு உசரத்துல இருக்குதுன்னு எனக்கு நெனப்பே வரலீங்க. பொறந்ததுல இருந்து அது ஊடுதானே" என்றார்.

அன்றிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு நாள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுத்தான் மலை ஏறுவார். அப்படித்தான் பழக்கம்.

வந்தால் சும்மா இருக்க மாட்டார். என் குடோனில் மிளகு மூட்டைகளை இழுத்து இழுத்து அடுக்குவார். முதல் தடவை எதற்கு என்று புரியவில்லை. மூன்று பக்கம் அடுக்கி முடித்ததும், "உள்ள வாங்க பாய். இதுதான் அந்தக் கப்பல்" என்றார்.

நான் பெரிய போர்க்கப்பல் என்று நினைத்திருந்தேன். அது இழுவைக் கப்பல். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்னக் கப்பல். என் குடோனுக்குள்ளேயே முக்கால்வாசி அடங்கியது. இது முன்பக்கம், இது சக்கரம் பிடிக்கிற அறை, இது எஞ்சின் ரூமுக்கு இறங்குகிற ஓட்டை என்று காட்டினார். கடலுக்கு அடியில் தண்ணீர் கலங்கலாக இருக்குமாம். கை நீட்டுகிற தூரம்தான் தெரியுமாம். முழுக் கப்பலையும் கண்ணால் பார்த்தவர் அந்தக் குழுவிலேயே யாரும் இல்லை. துண்டு துண்டாகப் படம் எடுத்து, டேப் பிடித்து அளந்து, கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒட்டுகிறார்கள். ஒட்டி முடித்தால்தான் அது எப்படி முழுகியது என்று தெரியும்.

இருட்டில் வழி தவறக் கூடாது என்பதற்காக மூட்டைகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகுவார். ஒருநாள் என்னையும் கண்ணை மூடி உள்ளே வரச் சொன்னார். என் குடோன், என் மூட்டை, என் மிளகு வாசம். நாலடி வைத்ததும் எந்தப் பக்கம் வாசல் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்துவிட்டேன்.

"பாய், நீங்க தொறந்துட்டீங்க. அங்க தொறந்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்பக்கத்து மூட்டை மேல் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, அதன் மறு நுனியைத் தரையில் விட்டிருந்தார்.

"இது என்ன?"

"இழுக்கிற வடமுங்க. கொக்கியில இன்னும் மாட்டித்தான் இருக்குது. அந்தப் பக்கம் மணலுக்குள்ள போயிருது."

"மணலுக்குள்ள என்ன இருக்குது?"

"தெரியலீங்க. என்னத்தையோ இழுத்துட்டு வந்திருக்குது. அதுதான் இன்னும் தெரியல."

அதற்குப் பிறகு அந்தக் கயிறு கிடக்கிற பக்கம் நான் போவதில்லை. பட்டப்பகலில், தெரு முழுக்க ஆள் நடமாட்டத்தில், சொந்தக் குடோனில் எனக்கு அந்தப் பயம். என் வீட்டுக்காரி வாசற்படியோடு சரி. "முழுகிச் செத்தவங்க இருந்த எடத்தை ஊட்டுக்குள்ள கட்டி வெச்சிருக்கீங்களே, ஃபாத்திஹாவாவது ஓதுங்க" என்றாள். ஓதினேன். அவர் கை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். "அவங்க எந்தச் சாமி கும்பிட்டாங்களோ, யாரும் இதுவரைக்கும் அவங்களுக்கு எதுவும் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றார்.

எஞ்சின் ரூமில் ஒரு தடவை மாட்டிக்கொண்டதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். காலில் ஏதோ தட்டி, அத்தனை வருசத்துச் சேறும் கிளம்பிவிட்டதாம். கையில் இருந்த விளக்கே தெரியவில்லையாம். வழிகாட்டும் கயிறும் கைநழுவிப் போய்விட்டது.

"அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

"நின்னேனுங்க."

"என்ன தம்பி, காத்து தீர்ந்து போகாதா?"

"தீருமுங்க. தேடிப் போனா இன்னும் கலங்கும். ஒரு குழாயைப் பிடிச்சுட்டு அசையாம நின்னேன். மெல்ல அடங்குச்சு. கயிறு கண்ணுல பட்டுது. வந்துட்டேன்."

என் வீட்டுக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பயமே இல்லையா சாமி உனக்கு?"

அவர் தட்டை நீட்டினார். "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அக்கா" என்றார்.

அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கும். அதே அமைதியைப் பார்த்து உள்ளுக்குள் நடுங்கவும் செய்வேன். ஆபத்தில் கத்துகிறவனை நமக்குப் புரியும். அசையாமல் நிற்கிறவனை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அவருடைய மச்சானுக்கு இதெல்லாம் விளையாட்டு. மனைவியின் அண்ணன். மலையில் பைல் நாட்டுப் பக்கம் மரவள்ளியும் மிளகும் போட்டிருந்தார், எனக்குத்தான் மிளகு கொடுப்பார். கடையில் நாலு பேர் இருந்தால் அவருக்குக் குரல் எடுத்துவிடும்.

"பாய் ஊட்டுப் பிரியாணிக்காகவே என் மாப்ள ஒரு நாள் முன்னாடி எறங்கிக்கிறான். கேட்டா காத்துங்கறான், ரத்தங்கறான். கொல்லிமலைக்காரனுக்குக் கொல்லிமலை ஆகாதாம்! ஊருல சொன்னா வெளக்குமாத்தால அடிப்பாங்க."

"வெளக்குமாறு பிஞ்சிருமுங்க மச்சான். நாளைக்கு வாரேன், அடிக்கச் சொல்லுங்க" என்பார் இவர்.

அவருடைய மனைவி ஒரே ஒரு தடவைதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒடிசலான பெண். அதிகம் பேசவில்லை. மூட்டைக் கப்பலைப் பார்க்கிறாயா என்று கேட்டதற்கு, வேண்டாங்க என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் அவள் மாசமாகியிருந்தாள்.

அவளுக்கு எட்டு மாதம் நடக்கும்போது, ஐப்பசி மழையில், அவர் ஒரு காலை வந்து இறங்கினார். முந்தின நாள் வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்திருக்கிறார். எஞ்சின் ரூம் ஒன்றுதான் பாக்கி, கடல் கெட்டுப்போவதற்குள் அதையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கினார்களாம். "இந்தத் தடவை நாளைக்கு மத்தியானம்தான் பாய் ஏறணும்" என்றார்.

நான் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வருகிறேன், அவர் கடை நடுவில் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறார். மச்சான் போடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பெண்ணுக்கு ரத்தம் போகிறது, நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த வழியில், மேல் வளைவு ஒன்றில் பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது. அறுக்க ஆள் வரவேண்டும். நேரமில்லை. கீழே இருந்து ஏதாவது வண்டி மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தால், ஆளைத் தூக்கி மாற்றிவிடலாம்.

அதற்குள் நான் தார்ப்பாய்க் கூடு போட்ட சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கியிருந்தேன். மிளகு மூட்டைகளை இறக்கி எறிந்தோம். என் வீட்டுக்காரி மெத்தையையும் இருக்கிற சேலை, போர்வை எல்லாவற்றையும் கொண்டுவந்து பின்னால் விரித்தாள்.

"நீங்க இருங்க தம்பி. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அடிவாரம் தாண்டி வளைவு ஆரம்பித்தது. மழையில் வைப்பர் போதவில்லை. எனக்கு ரோட்டைப் பார்ப்பதா, அவர் கையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. சொறிகிறாரா, தோளைப் பிடிக்கிறாரா என்று ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன். யா அல்லாஹ், ஒரே வண்டியில் ரெண்டு உயிரைக் கேட்டுவிடாதே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நிறுத்துங்க பாய்" என்றார்.

நிறுத்தினேன். கதவைத் திறந்து மழையில் இறங்கினார்.

"இதுக்கு மேல நான் வரலீங்க. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

என் வாழ்க்கையில் யார் மேலும் வராத கோபம் அந்த நிமிசம் எனக்கு வந்தது. "தம்பி, அங்க கெடக்கறது உங்க சம்சாரம்!"

"தெரியுமுங்க. நான் மேல வந்து விழுந்துட்டா என்னையும் படுக்க வெக்கணும். வண்டியில ஒரு ஆளு படுக்கத்தான் எடம் இருக்குது. அது அவளுக்கு. போங்க பாய்."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. போனேன். கண்ணாடியில் பார்த்தேன். தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வளைவு அவரை மறைத்தது.

மேலே மூடுபனி. எதிரில் இருப்பது ரோடா பள்ளமா என்று தெரியாமல், ஆயத்துல் குர்ஸியை ஓதி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஓதி ஓட்டினேன். மரம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. மச்சானும் ஊர்க்காரர்களும் மூங்கிலில் போர்வை கட்டி, அந்தப் பெண்ணை மரத்துக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். போர்வையின் அடிப்பக்கம் நனைந்து சொட்டியது. மழையும் சொட்டியது, அது மட்டுமில்லை. ஆம்புலன்ஸ் நர்ஸும் மச்சானும் கூடவே வந்து ஏறிக்கொண்டார்கள்.

"எங்க அவன்?" என்றார் மச்சான்.

"கீழ ஒரு வளைவுல நிக்கிறாருங்க."

"நிக்கிறானா?" அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இவ உசுரு போயிட்டிருக்குது, நிக்கிறானா அவன்? என்ன மனுசன் பாய் அவன்?"

வண்டியைத் திருப்பினேன். பின்னால் அந்தப் பெண் முனகுகிற சத்தமும், "தூங்காதம்மா, கண்ணத் தொற" என்று நர்ஸ் அதட்டுகிற சத்தமும் வழி முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் முனகல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

அந்த வளைவுக்கு வந்தேன். ஆள் இல்லை.

சுவர் மட்டும் இருந்தது. மனசு கேட்காமல் பின்னாலேயே ஏறி வந்து எங்கேயாவது விழுந்துவிட்டாரா, பனியில் நான்தான் பார்க்காமல் தாண்டி வந்துவிட்டேனா? ஹார்னை அமுக்கிப் பிடித்தேன். சுவருக்கு ஒட்டி, தலையை முழங்காலுக்குள் வைத்துக் குந்தியிருந்த ஒரு உருவம் எழுந்தது. கால் ஊன்றி எழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். மச்சான், "வந்துட்டாரு பாரு புருசன்" என்று ஆரம்பித்தார். அவள் கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. அவருடைய முகத்தை ஒரு தடவை, காலை ஒரு தடவை பார்த்தாள்.

"மேல ஏறலயே நீ?" என்றாள்.

"இல்ல கண்ணு. ஏறல."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் எதற்காகப் பயந்துகொண்டு வந்திருக்கிறாள் என்பது அண்ணனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மச்சான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, பிழிந்து, மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனவர்கள் வெகுநேரம் வெளியே வரவில்லை. மச்சான் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஈர உடுப்போடு, எப்போதும் போல அசையாமல். பொழுது சாய்கிற நேரத்துக்கு நர்ஸ் கதவைத் திறந்து, பெண் குழந்தை, எடை கொஞ்சம் குறைவு, தாய் கண் விழித்துவிட்டாள், ரெண்டு பேருக்கும் பயமில்லை என்றார்.

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை.

"பாய், என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றார்.

பிடித்தேன். நடுங்கியது. விரல் நடுங்கி, முழங்கை நடுங்கி, தோள் நடுங்கி, பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. டேப்பும் விளக்கும் பிடித்து அந்த இருட்டை அளந்த கை, என் கைக்குள் நிற்க மாட்டாமல் துள்ளியது. ரெண்டு கையாலும் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். அவர் நடுங்கிக்கொண்டே இருந்தார்.

எங்கோ பக்கத்துப் பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. படைத்தவனுக்குத் தெரியும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வக்துத் தொழுகையை அந்தக் கை அடங்கின பிறகுதான் தொழுதேன்.